நகல் வேறு, போலி வேறு: பழைய ஸ்னைப்பர் ஸ்கோப்புகளின் மறுபதிப்புகள் குறித்து

என் மேசை மீது இரண்டு குழாய்கள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே நீளம், ஒரே கருநிறம், இரண்டின் மேற்புறத்திலும் 13 வரை எண்கள் பொறித்த ஒரே மாதிரியான உருளை. மேசை விளக்கின் அடியில் ஒன்றை மெல்லச் சாய்த்தால் முகப்பு லென்ஸில் விளக்கின் உருவம் வெள்ளையாகவே தெரிகிறது. மற்றொன்றைச் சாய்த்தால் அதே உருவம் பச்சையாக மின்னுகிறது. அந்தப் பச்சையை முதன்முதலாகக் கவனித்த மாலையில்தான், 1943ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சோவியத் பி.யு. ஸ்கோப் (ஸ்னைப்பர் துப்பாக்கியின் மேல் பூட்டும் தொலைநோக்கிக் குழாய்) என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பொருள் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட மறுபதிப்பு என்பது எனக்கு விளங்கியது. விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரும் ஏமாந்து வாங்கியவராகவே இருக்கலாம்.

கோபம் அடங்கியபின் அந்தக் குழாயைக் கழற்றி ஆராய்ந்தபோது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று உண்டு: அது நன்றாகச் செய்யப்பட்ட பொருள். மரைகள் சுத்தமாக இருந்தன, உருளை தளர்வின்றித் திரும்பியது, உள்ளே தெரிந்த, குறிபார்க்கும் கோடுகளான குறியிழை சரியான வடிவில் இருந்தது. மறுபதிப்பு என்றே சொல்லி விற்றிருந்தால் மறுபேச்சின்றி வாங்கியிருப்பேன். குறை பொருளில் இல்லை, அதற்குச் சூட்டப்பட்ட பெயரில்தான் இருந்தது. அன்றிலிருந்து நகல் என்ற சொல்லையும் போலி என்ற சொல்லையும் நான் மாற்றிப் புழங்குவதில்லை.

முதலில் அந்தப் பச்சை நிறத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்பினுள் காற்றைத் தொடும் பரப்புகள் பத்து இருப்பதாகக் கொண்டால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி மூன்றில் இரண்டு பங்குதான். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா இந்த இழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் போர்க்காலத்தில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட பல ஸ்கோப்புகளுக்கு அந்தப் பூச்சு கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் அது ஒற்றை அடுக்காகவே இருந்தது. ஒற்றை அடுக்கு நீலமாகவோ ஊதாவாகவோ பளபளக்கும். இன்றைய பல அடுக்குப் பூச்சு பெரும்பாலும் பச்சையாக மின்னும். தங்கத்துக்கு உரைகல் போலப் பழைய ஸ்கோப்புக்கு ஒரு மேசை விளக்கு. ஆனால் உரைகல்லைப் போலவே இதுவும் முதல் சோதனை மட்டுமே; போருக்குப் பின் பழுதுபார்த்து லென்ஸ் மாற்றப்பட்ட அசல்களும் உண்டு, பூச்சைத் தவிர்த்துவிடும் கெட்டிக்காரப் போலிகளும் உண்டு.

அசல் கிடைக்கும்போது நகல் எதற்கு என்று கேட்பவர்கள், எண்பது ஆண்டுக்கால ஸ்கோப் ஒன்றின் உட்புறத்தைப் பார்க்காதவர்களாக இருப்பார்கள். லென்ஸ்களை ஒட்டப் பயன்பட்ட பால்சம் பசை மஞ்சளித்து, ஓரத்திலிருந்து சோப்புக் குமிழியின் வண்ணத்தோடு பிரியத் தொடங்கியிருக்கும். மரைகளில் இட்ட கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். ஈரம் புகுந்த குழாய்களில் லென்ஸின் மேல் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை, போர்க்கால வாழ்க்கையை உடையோடும் கருவியோடும் நடித்துக்காட்டும் மறுநடிப்பு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் ஊர்ந்து, மழையில் நனைத்து, வண்டியின் பின்புறத்தில் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. அசல் அலமாரியில் இருக்கட்டும், நகல் களத்துக்குப் போகட்டும் என்பதே இந்த வட்டாரத்தில் பலருடைய வழக்கம்.

பி.யு. ஸ்கோப்பைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. முதலில் அரைத் தானியங்கித் துப்பாக்கியான எஸ்.வி.டி.–40க்காக வடிவமைக்கப்பட்ட இந்தச் சிறிய, எளிய, 3.5 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பை 1942 முதல் சோவியத் காலாட்படையின் மோசின்–நாகாந்த் துப்பாக்கியில் பொருத்தத் தொடங்கினார்கள். போர் முடிந்தபின் அத்தகைய துப்பாக்கிகள் பலவற்றிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி, குழலின் பின்னுள்ள உலோகப் பெட்டியின் இடப்பக்கத்தில் இருந்த துளைகளை அடைத்து, சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கிகளாக மாற்றிவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர் ஒருவர் மோசினைக் கையில் எடுத்ததும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது இதனால்தான். அடைக்கப்பட்ட துளையின் வட்ட விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் அது ஒரு காலத்தில் ஸ்னைப்பர் துப்பாக்கியாக இருந்தது என்று பொருள். துப்பாக்கி இருக்கிறது, அதன் ஸ்கோப் எங்கோ போய்விட்டது. அந்த வெற்றிடத்தை நகல் கொண்டு நிரப்புவதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் நிரப்புவது அவ்வளவு சுலபமான வேலை அல்ல. பி.யு.வின் குறி திருத்தும் உருளைகளைத் திருப்பும்போது குறியிழை பார்வை வட்டத்துக்குள்ளேயே இடம் பெயரும். கீழிருந்து எழும் கூர்முனைத் தூணும் இரு பக்கத்துக் கிடைக்கோடுகளும் நடுவில் நிற்க வேண்டுமானால், துப்பாக்கிக் குழலும் ஸ்கோப்பும், இரண்டையும் இணைக்கும் மவுண்டின் மூலமாகவே ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது கிடைக்கும் ஸ்கோப்புகளில் குறியிழை எவ்வளவு திருப்பினாலும் நடுவிலேயே நிற்பதுபோலத் தோன்றும்படி அமைத்திருப்பதால், அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் பழைய அமைப்பைக் கண்டு திகைத்துப்போவார்கள்.

உரிமம் பெற்ற நண்பர் ஒருவருடைய மோசினில் என் பச்சைக் கண் நகலைப் பொருத்த ஒரு முழுப் பிற்பகல் செலவானது. கோச்சேத்தவ் வடிவமைத்த அந்த எஃகு மவுண்ட், அடித்தட்டின் முன்பக்கத்துக் குமிழ் ஒன்றின் மீது அமர்ந்து அசைகிறது. பின்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் அதன் நாக்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கினால் ஸ்கோப் ஏறும் அல்லது இறங்கும். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) உருவிவிட்டு, துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் கிடத்தி, குழலின் வழியே தொலைவில் இருந்த ஒரு மின்கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, பின் தலையை உயர்த்தி ஸ்கோப்பில் அதே உச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்தோம். உயரம் பத்து நிமிடத்தில் சரியானது. இடவலம்தான் வதைத்தது, ஏனெனில் அதற்குத் திருகே கிடையாது. அடித்தட்டின் பரப்பை மயிரிழை அளவு தேய்த்துத்தான் திசையை மாற்ற வேண்டும். நாங்கள் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுப்போம், துடைப்போம், பொருத்துவோம், பார்ப்போம், மறுபடி கழற்றுவோம். ஏழாவது முறைக்குப் பின் தூணின் முனை கம்பத்தின் மேல் வந்து நின்றது. தொழிற்சாலையில் இந்த வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருந்த கைகளை நினைத்துப் பார்க்க அந்தப் பிற்பகல் போதுமானதாக இருந்தது. மலிவான நகல்களில் சில, வெளித்தோற்றத்தை அச்சு மாறாமல் எடுத்துவிட்டு உள்ளே இக்காலக் குறியிழை அமைப்பை வைத்துவிடுகின்றன. வசதிதான். ஆனால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை அது. கோடு மட்டும் இருக்கும்.

பிரிட்டனின் நம்பர் 4 (டி) துப்பாக்கிக்கு வந்தால் நிலைமை வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்த லீ–என்ஃபீல்டுகளில் குறி தவறாதவற்றைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலானவற்றை லண்டனின் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தாரிடம் அனுப்பி, நம்பர் 32 எனப்படும் 3 மடங்கு ஸ்கோப்பைப் பொருத்தி, கன்னம் பதிய மரத்துண்டு ஒன்றைப் பின்கட்டையில் திருகினார்கள். தொடக்கத்தில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத் திட்டமிடப்பட்ட ஸ்கோப் என்பதால் நம்பர் 32 முரட்டு உருவம் கொண்டது. பிடிப்பானோடு சேர்த்து ஏறக்குறைய 1 கிலோ எடை. முக்கியமான செய்தி இதுதான்: ஸ்கோப்பின் எண்ணைப் பின்கட்டையின் மணிக்கட்டுப் பகுதியில், அதாவது கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், மரத்தில் பொறித்தார்கள், துப்பாக்கியின் எண்ணைப் பிடிப்பானில் பொறித்தார்கள். தாலி கட்டியதுபோல அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று என்று எழுத்தில் பதிவானவை. எண்கள் பொருந்தும் இணை ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இத்தகைய துப்பாக்கியில் நகல் ஸ்கோப் எவ்வளவு அழகாக இருந்தாலும், மரத்தில் உள்ள எண் அது வேறு ஒருவருக்கு உரிய இடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை நகலின் மேல் புதிதாகப் பொறித்துக்கொள்ளும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். நகல் போலியாவது சரியாக அந்த இடத்தில்தான்.

அமெரிக்கர்களின் எம்1903ஏ4 (ஸ்பிரிங்ஃபீல்டு) துப்பாக்கியில் இந்தச் சிக்கல் குறைவு; அதன் ஸ்கோப்பே படைக்கென்று பிறந்ததல்ல. வேட்டைக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்த வீவர் 330 என்ற ஸ்கோப்பைப் படை எடுத்துக்கொண்டு, எம்73பி1 என்று பெயரிட்டு, ரெமிங்டன் 1943 முதல் செய்த துப்பாக்கிகளில் ரெட்ஃபீல்டு மவுண்டில் பொருத்தியது. குழாயின் விட்டம் முக்கால் அங்குலம். இக்கால வளையங்கள் 1 அங்குலமும் 30 மில்லிமீட்டரும் என்று வந்துவிட்டதால், சரியான விட்டத்தில் செய்த நகல் இல்லாமல் அந்தத் துப்பாக்கியை அக்காலத் தோற்றத்தில் நிறுத்த முடியாது. ஹை–லக்ஸ் நிறுவனம் எம்73ஜி4 என்ற பெயரில் அந்த முக்கால் அங்குலக் குழாயை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. உள்ளே இக்காலப் பூச்சும் இக்கால அடைப்பும் இருந்தாலும் சொந்தப் பெயரிலேயே விற்கப்படுவதால் எனக்கு அதனோடு எந்த வழக்கும் இல்லை. பெயரிலேயே ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் மாற்றி வைத்திருப்பதை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியின் பக்கம் ஒரு வேடிக்கை உண்டு. எம்1903ஏ4 ஒன்றிலும் ஏ4 என்று பொறிக்கப்படவில்லை. சாதாரணத் துப்பாக்கியைப் போலவே ஏ3 என்றுதான் இருக்கும். எழுத்துகள் மட்டும், மேலே வரும் மவுண்ட் மறைக்காதபடி, பக்கவாட்டில் நகர்த்தப்பட்டிருக்கும். முன் குறியும் கிடையாது. ஏ3 துப்பாக்கிக்கு மேல் மவுண்ட் ஒன்றைப் பூட்டி ஏ4 என்று சொல்பவர்கள் எழுத்துகளின் இந்த இடமாற்றத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஜெர்மானிய ஸ்கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் போலிகள் அங்கேதான் மிக அடர்த்தியாக விளைகின்றன. ஜெர்மானியக் காலாட்படைத் துப்பாக்கியான மவுசர் கே98கே ஏராளமாகக் கிடைக்கிறது, அதில் ஸ்னைப்பர் வகைக்கோ விலை பல மடங்கு. இந்த இடைவெளியில் ஒரு தொழிலே நடக்கிறது. தயாரிப்பாளர்களை மூன்று எழுத்துக் குறியால் மறைத்து எழுதிய வழக்கம் போலிக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது, டி.டி.எக்ஸ் என்றால் ஃபோய்க்ட்லாண்டர், டி.ஓ.டபிள்யூ என்றால் ஓப்டிகோடெக்னா, சி.ஏ.டி என்றால் வியன்னாவின் காலெஸ் என்பதை யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொண்டு பொறித்துவிடலாம். நான் பார்ப்பது எழுத்தை அல்ல, எழுத்தின் பள்ளத்தை. அக்காலத்தில் கருவியால் கிண்டிய எழுத்தின் ஓரத்தில் உலோகம் மெல்ல எழும்பியிருக்கும், ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். லேசர் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில், அடிப்பரப்பு சற்றே கருகியதுபோல இருக்கும். பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். நகலாகவே அதிகம் விற்கும் இசட்.எஃப்.41 ஸ்கோப்பைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், 1.5 மடங்கு மட்டுமே பெரிதாக்கி, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பின் குறியின் மேல் தொங்கும் அந்தக் கருவி அசலாகவே எனக்குப் பிடிக்காதது. நகல் எப்படிப் பிடிக்கும்?

பிடித்தது என்றால் அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன்கள் பயன்படுத்திய உனர்ட்ல் 8 மடங்கு ஸ்கோப். இரண்டு அடி நீளம் கொண்ட மெல்லிய குழாய். குறியைத் திருத்தும் திருகுகள் குழாயின் மேல் இல்லாமல் மவுண்டில் இருக்கும். சுடும்போது துப்பாக்கி பின்வாங்க, குழாய் மவுண்டுக்குள் வழுக்கி முன்னே நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் சுட்டவர் கையால் அதைப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். இதன் நகலை வைத்துக்கொண்டு மறுநடிப்புக்கு வந்த ஒருவரை நான் கவனித்தேன். வெற்றுத் தோட்டா என்பதால் உதைப்பு மிகக் குறைவு, குழாய் அசையவே இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் போல்ட்டை இயக்கிவிட்டு, இடக்கையை நீட்டிக் குழாயைப் பின்னுக்கு இழுக்கும் சைகையைத் தவறாமல் செய்தார். பார்வையாளர்களில் யாருக்கும் அது புரிந்திருக்காது. அன்று அங்கிருந்த எல்லா உடைகளையும் எல்லாக் கருவிகளையும்விட அந்த ஒரு கையசைவுதான் எனக்கு 1942ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகத் தோன்றியது.

மறுநடிப்பில் ஸ்கோப் செய்யவேண்டிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்: வைத்திருப்பவரை அக்காலத்துத் தொல்லைகளுக்கு உட்படுத்துவது. மோசினிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் என்ஃபீல்டிலும் ஸ்கோப் தோட்டா நுழையும் வாயிலின் மேலேயே வந்து நிற்பதால், ஐந்து தோட்டாக்களைக் கிளிப்பில் வைத்து ஒரே அழுத்தில் இறக்க முடியாது; ஒவ்வொன்றாக விரலால் தள்ள வேண்டும். இடுப்புப் பையில் கிளிப் கிளிப்பாகத் தோட்டா வைத்துக்கொண்டு வரும் 'ஸ்னைப்பர்' ஒருவரைப் பார்த்தால், அவர் ஸ்கோப்பை அலங்காரமாக மாட்டியிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். அமெரிக்கத் துப்பாக்கியான எம்1 காரண்டில் எட்டுத் தோட்டாக் கிளிப் மேலிருந்தே இறங்கியாக வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்கோப்பை இடப்பக்கம் ஒதுக்கினார்கள். முகமும் இடப்பக்கம் நகர வேண்டியிருந்ததால் கட்டையில் தோல் பட்டை ஒன்றைக் கட்டினார்கள். மோசினிலோ அத்தகைய கருணை எதுவும் இல்லை. பி.யு. உயரத்தில் நிற்கிறது, கட்டை தாழ்ந்து கிடக்கிறது. கன்னத்தைப் பதிக்க இடமில்லாமல் தாடையை மட்டும் கட்டையில் ஊன்றி, கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் அப்படிப் படுத்திருந்தபின், பின்லாந்தின் புகழ்பெற்ற ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா ஏன் ஸ்கோப்பையே மாட்டிக்கொள்ளவில்லை என்பது பிடரிக்குப் புரிந்துவிடும். ஸ்கோப்பை நாடினால் தலை உயரும், கண்ணாடி குளிரில் மங்கும், வெயிலில் மின்னும் என்று கருதி அவர் சாதாரணக் குறியோடே சுட்டார்.

கண்ணாடி மங்குவதைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். இன்றைய நகல்கள் பலவற்றில் நைட்ரஜன் நிரப்பி அடைத்துவிடுகிறார்கள், அதனால் பனிக்காலையிலும் உட்புறம் தெளிவாக இருக்கிறது. பல அடுக்குப் பூச்சினால் அந்தி வெளிச்சத்திலும் அசலைவிட அதிகமாகத் தெரிகிறது. அசலை நன்கு அறிந்தவருக்கு இது ஒரு சங்கடம். 1943இல் அந்தத் துப்பாக்கியோடு கிடந்தவருக்குத் தெரிந்திருக்க முடியாத இலையும் கிளையும் எனக்குத் தெரிகின்றன. என் நண்பர் ஒருவர் நகலின் கண்ணருகு லென்ஸின் மேல் மெல்லிய மங்கல் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்கிறார். அது கொஞ்சம் அதிகம் என்று நான் சொன்னதற்கு, தைத்த உடையில் அசல் பொத்தானைத் தேடி மூன்று மாதம் அலைந்த நீ இதைச் சொல்லலாமா என்று கேட்டார். பதில் இல்லை.

போலியைத் தடுக்கச் சட்டத்தை நம்புவதற்கு இல்லை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பழங்காசுகளின் நகல்களில் நகல் என்ற சொல்லைப் பொறித்தே விற்க வேண்டும், பழைய அரசியல் சின்னங்களின் நகல்களில் தயாரித்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். காசு சேகரிப்பவருக்கும் தேர்தல் பொத்தான் சேகரிப்பவருக்கும் கிடைத்த பாதுகாப்பு ஸ்கோப் சேகரிப்பவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு தயாரிப்பவரிடமும் விற்பவரிடமும் வாங்கி வைத்திருப்பவரிடமும் நிற்கிறது. தயாரிப்பவர் நேர்மையாகவே விற்றாலும், மூன்றாவது கை மாறும்போது பெட்டியும் ரசீதும் தொலைந்து, வெளிப்பூச்சு தேய்ந்து, மூலைகள் வெள்ளிபோலப் பளபளத்து, நகல் தானாகவே வயதாகி அசலாகிவிடுகிறது. எனக்கு வந்ததும் இந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

அதனால் சென்ற வாரம் அந்தப் பச்சைக் கண் குழாயை மவுண்டிலிருந்து இறக்கி, வளையம் பிடிக்கும் இடத்தில், வெளியே தெரியாத பகுதியில், கையால் கிண்டும் ஊசி ஒன்றைக் கொண்டு நகல் என்ற மூன்று எழுத்தையும் நான் வாங்கிய ஆண்டையும் பொறித்தேன். ககரத்தின் வளைவில் ஊசி ஒருமுறை வழுக்கிச் சிறு கீறல் விழுந்துவிட்டது. வளையத்தைத் திரும்பப் பூட்டியதும் எழுத்து மறைந்துகொண்டது. எனக்குப் பின் இதை வாங்குபவர், வாங்குவதற்கு முன் வளையத்தைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால் அதைப் படிப்பார்.